சென்ட்ரல் போகும் திசை

மெட்ரோ ரயில் ஓட்ட வேண்டும் என்று துர்காதேவி ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்டவன் அவள் கணவன் குமரகுரு. சென்னையில் ரயில் ஓட்டுநர்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி கைப்பேசியில் வந்த அன்றே அவன் தலைகால் புரியாமல் குதித்தான். டிப்ளமோ படித்திருந்தால் போதும் என்றிருந்தது. அவளும் டிப்ளமோ படித்தவள்தான். "நீயும் சும்மா அப்ளை பண்ணும்மா. ரெண்டு பேருமா ஒக்காந்து படிச்சா எனக்கு மண்டையில ஏறும்" என்றான். துணைக்குத்தானே என்று அவளும் தலையாட்டினாள்.

இரண்டு பேருக்கும் ஒரகடம் பக்கத்தில் வேலை. அவன் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு. அவள் கைப்பேசி தயாரிக்கும் இடத்தில், செய்து முடித்த கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் வரிசையில் இருந்தாள். காஞ்சிபுரத்தில், செவிலிமேடு திருப்பத்தில் கம்பெனி வேன் அவளை ஏற்றிக்கொள்ளும். ஐயம்பேட்டையிலும் வாலாஜாபாத்திலும் மற்றப் பெண்கள் ஏறுவார்கள். மாமியார் சண்டை, சீட்டுக் கட்டியது, யாருக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று வண்டிக்குள் ஓயாத பேச்சு. அதில் பாதி துர்காவின் பேச்சு. வாய் மூடினால் அவளுக்குத் தலை வலிக்கும் என்று ஓட்டுநர் பழனி கிண்டல் செய்வார். வேலை நேரத்திலும் பக்கத்தில் ஆள், எதிரில் ஆள். அவளுக்கு அந்த வாழ்க்கை போதுமானதாக இருந்தது.

எழுத்துத் தேர்வில் இருவருமே தேறினார்கள். அடுத்து விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டிய சோதனை. துர்காவுக்கு வேலை கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்பதால் விளையாட்டுப் போல அழுத்திவிட்டு வந்தாள். இருவரும் அதிலும் தேறினார்கள். கடைசியாக மருத்துவப் பரிசோதனை. கண் மருத்துவர் கலர் கலராகப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். துர்கா படபடவென்று சொன்னாள். அடுத்து உள்ளே போன குமரகுரு வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தவன் அவளைப் பார்க்காமல் நேராகக் குடிதண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய், குடித்துக்கொண்டே நின்றான்.

சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்குப் பிரிந்து தெரியவில்லை. பிறவியிலேயே அப்படித்தானாம். இத்தனை வயதுக்கும் அது அவனுக்கே தெரியாது.

வீட்டில் சொன்னபோது மாமனார் தணிகாசலம் பட்டுத் தறியிலிருந்து எழுந்து வந்து திகைத்துப்போய் நின்றார். "சின்ன வயசுல அரக்கு நூல் தார் கேட்டா பச்சை நூல் தார எடுத்துக் குடுப்பானே... கவனமில்லாம பண்றான்னு எத்தினி தபா அடிச்சிருக்கேன்" என்று துர்காவிடம்தான் சொன்னார். மகனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிறகு போய்த் தறியில் உட்கார்ந்தார். அன்று முழுக்கத் தறிச் சத்தம் விட்டுவிட்டுத்தான் கேட்டது.

அத்தோடு கதை முடிந்தது என்றுதான் துர்கா நினைத்தாள். அவளுக்குத் தேர்வான செய்தி வந்தபோது, போகாமல் விட்டுவிடலாம் என்று சாதாரணமாகச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குமரகுரு அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"நீ போ துர்கா. நீ போனா நானே போன மாதிரி."

ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த மனிதன் அப்படிச் சொல்லும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவளால் முடியவில்லை. அந்த ஒரு நொடியில் சொல்லாமல் விட்டதுதான். அதற்குப் பிறகு சொல்ல இடமே கிடைக்கவில்லை.

மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமியார் தில்லையம்மாள் குமரகோட்டம் முருகன் கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வழியெல்லாம் விபூதி கொடுத்துக்கொண்டே வந்தாள். குமரகுருவின் நண்பர்கள் செவிலிமேடு திருப்பத்தில் பேனர் கட்டினார்கள். 'எங்கள் தெருவின் பெருமை' என்று பெரிய எழுத்து. அதில் துர்காவின் படத்தைவிடக் குமரகுருவின் படம் கொஞ்சம் பெரியதாக இருந்தது. அதன் கீழேயே நின்றுதான் அவள் கடைசித் தடவையாகக் கம்பெனி வேனில் ஏறினாள். வேனில் இருந்த பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். "குடுத்து வெச்சவடி நீ. எந்தப் புருஷன் இப்படி அனுப்புவான்?" என்றாள் ஒருத்தி.

அந்த வார்த்தையை அதன்பிறகு அவள் எத்தனையோ பேரிடம் கேட்டாள். ஐயம்பேட்டையில் இருக்கும் தன் அம்மா ஜெயம்மாளிடம் போய், "எனக்கு அந்த வேல சரிப்படும்னு தோணல மா" என்று மெல்ல ஆரம்பித்தபோதும் அதுவேதான். "பைத்தியக்காரி! பொண்டாட்டி வேலைக்குப் போனா கை கால ஒடிக்கிற ஆம்பளைங்கதான் இங்க நெறைய. அந்தப் புள்ள தான் போக வேண்டிய எடத்துல ஒன்ன வெச்சு அழகு பாக்குது. வாய மூடிக்கினு போ" என்றாள் அம்மா. சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, பேச்சையும் அங்கேயே முடித்துவிட்டாள்.

பயிற்சி கோயம்பேட்டில். தங்குவதற்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதி. முதலில் வகுப்பு: சிக்னல், தண்டவாளம், மின்சாரம், கதவு, பிரேக், தீ விபத்து வந்தால் என்ன, சுரங்கத்தில் வண்டி நின்றுவிட்டால் என்ன. பிறகு பொம்மை ஓட்டுநர் அறை. கண்ணாடிக்குப் பதில் திரை. திரையில் தண்டவாளம் ஓடும். உள்ளே உட்கார்ந்து ஓட்டிப் பழக வேண்டும். அதன்பிறகுதான் நிஜ வண்டி.

குமரகுரு தினமும் மாலையில் அழைப்பான். சாப்பிட்டாயா என்பது ஒரே கேள்வி. அதற்குமேல் எல்லாம் பாடம்தான். "இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க? கதவு மூடலேன்னா மொதல்ல எத பாக்கணும்? கன்ட்ரோல் ரூமுக்கு இன்னா சொல்லணும்?" அவள் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொல்வான். தடுமாறினால் விடமாட்டான். விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது, படுக்கையறைச் சுவரில் அட்டை ஒட்டி வைத்திருந்தான். ஓட்டுநர் மேசையை அப்படியே அதில் வரைந்திருந்தான். பொத்தான்களுக்குப் பதில் தண்ணீர்ப் புட்டியின் மூடிகளை ஒட்டியிருந்தான். ஒவ்வொன்றின் கீழும் 'சிவப்பு', 'பச்சை' என்று எழுதியிருந்தது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல, மூடிகளைத் தொட வேண்டும்.

"எனக்குத் தூக்கம் வருதுங்க."

"இன்னும் ஒரே ஒரு தபா. சுரங்கத்துக்குள்ள பொக வருது. இன்னா பண்ணுவ?"

அவன் குரலில் அதட்டல் இருந்தால்கூடப் பரவாயில்லை, எதிர்த்துப் பேசியிருப்பாள். கெஞ்சல்தான் இருந்தது. விளையாட்டுச் சாமானைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்கும் பிள்ளையின் கெஞ்சல்.

நிஜ வண்டியில் ஏறியபோது அவளுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். முன்னால் அகலக் கண்ணாடி. பின்னால் தாழிட்ட கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் நூற்றுக்கணக்கான பேர். ஒருவரோடும் பேச முடியாது. கோயம்பேடு வரைக்கும் வெளிச்சம் இருக்கும். வீட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்துகிறவர்களையாவது பார்க்கலாம். அதைத் தாண்டியதும் தண்டவாளம் சரிந்து மண்ணுக்குள் இறங்கும். இருட்டு வாயைத் திறந்துகொண்டு வரும். அதற்குப் பிறகு சென்ட்ரல் வரை வானமே கிடையாது. கையால் ஓட்டும்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். விட்டால் வண்டி தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடும். மூக்கு அரித்தால்கூட இடது கைதான்.

பக்கத்தில் நிற்பவர் பயிற்றுநர் மேரி. வருஷக்கணக்காக வண்டி ஓட்டியவர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். "வேகம்" என்பார். "பார்" என்பார். "ம்" என்றால் சரி என்று பொருள். பேசாவிட்டால் தலை வலிக்கும் துர்கா, அந்த அறைக்குள் போனதிலிருந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது போலக் கிடந்தாள்.

நிஜ வண்டி என்றதும் குமரகுரு விடுப்பு போட்டுவிட்டு வர ஆரம்பித்தான். அவள் எந்த வண்டியில் இருப்பாள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வான். முதல் பெட்டியில் ஏறி, ஓட்டுநர் அறைக் கதவுக்கு நேர் பின்னால் நின்றுகொள்வான். வண்டி போய்த் திரும்ப, அவனும் போய்த் திரும்புவான். அங்கே நிற்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே. சீட்டு வாங்கித்தானே வருகிறான். பக்கத்தில் இருப்பவர்களிடம், "ஓட்றது என் வீட்டுக்காரிதான்" என்று சொல்வானாம். ஒரு தடவை நிலையத்தில் இறங்கும்போது வயதான அம்மாள் ஒருத்தி துர்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒன் புருஷன் தங்கம் மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு கனமானது. அவன் மூச்சு விடுவது கேட்காது. ஆனாலும் அவளுக்குப் பிடரியில் கேட்டது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. வண்டியின் ஒரு முனையில் இருப்பது பெண்களுக்கான பகுதி. சென்ட்ரலை நோக்கிப் போகும்போது அந்த முனைதான் முன்னால் வரும். அங்கே ஆண்கள் நிற்கக் கூடாது. அப்போது அவன் பின்பக்கம் எங்கேயோ தள்ளித்தான் நின்றாக வேண்டும். திரும்பி வரும்போது மறு முனை முன்னால் வந்துவிடும், அவனும் வந்துவிடுவான். ஆகவே சென்ட்ரல் போகும் திசைதான் துர்காவுக்கு மூச்சு விடும் திசை. சுரங்கமே ஆனாலும், இருட்டே ஆனாலும், அந்தப் பயணத்தில் அவள் தோள்கள் கொஞ்சம் இறங்கும். ஒருநாள் மேரியிடம், "சாப்டீங்களா மேடம்?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். மேரி அவளைத் திரும்பிப் பார்த்து, "ம்" என்றார்.

பயிற்சி முடியும் தறுவாயில் இருந்தது. இனி மேரி மதிப்பெண் போட்டு, அதன்பிறகு மேலதிகாரி ஒருவர் சோதித்துவிட்டால் தனியாக ஓட்ட அனுமதி. குமரகுரு வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் நின்று நாள் தவறாமல் வேண்டிக்கொண்டான். துர்காவும் வேண்டிக்கொண்டாள், வேறு விதமாக. தோற்றுப்போனால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. 'முயற்சி பண்ணினேன், வரல' என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வேண்டுமென்றே தவறு செய்ய அவளுக்குக் கை வரவில்லை. பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி, கைத்தடியோடு ஒருவர். அவர்களை வைத்துக்கொண்டு எப்படி?

அன்று பிற்பகல் கூட்டம் குறைவு. சென்ட்ரல் போகும் திசை. கையால் ஓட்டச் சொல்லியிருந்தார் மேரி. கோயம்பேடு தாண்டி இருட்டுக்குள் இறங்கி, திருமங்கலத்தில் நிற்கும்போது துர்கா பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துவிட்டாள். வண்டி குலுங்கி, குறிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மெல்ல நகர்த்திச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே கதவைத் திறக்க முடிந்தது. மேரி கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கதவுகள் மூடின. வண்டி கிளம்பி மறுபடி சுரங்கத்துக்குள் நுழைந்தது. வேகம் ஏறும்போது திடீரென்று அறைக்குள் மணி அலறியது.

பயணிகளுக்கான அவசர அழைப்பு அது. ஒவ்வொரு பெட்டியிலும் கதவோரம் பொத்தான் இருக்கும். யாருக்காவது மயக்கம், நெஞ்சுவலி, அடிதடி என்றால் அதை அழுத்தி ஓட்டுநரோடு பேசலாம். அழுத்திய இடத்தில் இருக்கும் கேமரா, ஓட்டுநர் முன்னால் உள்ள சிறு திரையில் படத்தைக் காட்டும். துர்கா கைப்பிடியை விடாமல் இடது கையால் இணைப்பைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள்.

குமரகுருவின் முகம் திரை முழுக்க இருந்தது.

"துர்கா, நான்தான்" என்றது ஒலிபெருக்கி. சின்ன அறை, அவன் குரல் நான்கு பக்கத்திலிருந்தும் வந்தது. "பதறாத. நான் இங்கதான் இருக்கேன். பிரேக்க ஒரேயடியா புடிக்காத மா. ரெண்டா பிரிச்சுப் புடி. ஸ்டேஷன் வெளிச்சம் தெரிஞ்ச ஒடனே மொதல்ல கொஞ்சமா..."

வலது கை கைப்பிடியில். முன்னால் இருட்டு. பின்னால் தாழிட்ட கதவு. மிச்சம் இருந்த திசையும் இப்போது இல்லை. அலற வேண்டும் போலிருந்தது. கையை விட்டுவிட வேண்டும் போலிருந்தது. விட்டால் வண்டி சுரங்கத்தின் நடுவில் நின்றுவிடும்.

மேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துர்கா பேசும் பொத்தானை அழுத்தினாள். "ரயில் ஓட்டுநர் பேசறேன். உங்களுக்கு என்ன அவசரம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

திரையில் அவன் முகம் குழம்பியது. "துர்கா, நான்தாம்மா. குமரு."

"பெட்டியில தீயோ புகையோ இருக்கா? யாருக்காவது அடிபட்டிருக்கா?"

"இல்ல... அது இல்ல..."

"அவசரம் இல்லேன்னா பொத்தானை விட்டுத் தள்ளி நில்லுங்க. அடுத்த நிலையத்துல அலுவலர் வந்து உங்களைப் பார்ப்பாங்க."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். கட்டுப்பாட்டு அறையை அழைத்து, எந்தப் பெட்டி, எந்தக் கதவு, ஆபத்து எதுவும் இல்லை, வண்டி வழக்கம்போல ஓடுகிறது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்த வரிசையில் சொன்னாள். குரல் பிசிறவில்லை. அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அண்ணா நகர் டவர் நிலையத்தின் வெளிச்சம் தெரிந்தது. பிரேக்கை இரண்டாகப் பிரித்துப் பிடித்தாள். மேரியும் முதல் வாரத்திலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி குறியில் வந்து அசையாமல் நின்றது. நின்ற அழகைக் கண்டு அவளுக்கு அழுகை வந்தது.

நடைமேடையில் இரண்டு காவலர்கள் காத்திருந்தார்கள். அவன் இறங்கினான். யாரோடும் வாதம் செய்யவில்லை. வண்டி கிளம்பும் முன் பக்கத்துக் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். அங்கே நின்று அவளிருந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில் மேரி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்தார்.

"உன் பேர் சொல்லித்தானே கூப்பிட்டார்?"

"ஆமா மேடம்."

"யாரு?"

துர்கா டீயைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தெரியாத ஆள் என்று சொன்னால் முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். இப்படிக் குடும்பத்து ஆள் வந்து தொந்தரவு செய்யும் பெண்ணை வைத்துக்கொள்வார்களா? அனுப்பிவிடுவார்கள். அவளாக விட்டதாக இருக்காது. வீட்டுக்குப் போய்விடலாம்.

"என் வீட்டுக்காரர்" என்றாள். அதற்கப்புறம் அடைத்துக் கிடந்தது எல்லாம் கொட்டியது. கண் பரிசோதனை, அட்டையில் ஒட்டிய மூடிகள், தினமும் பின்னால் வந்து நிற்பது, எதையும் விடவில்லை. கடைசியில், "என்னை எடுத்துடுங்க மேடம். என்னாலதான் இந்த மாதிரி ஆச்சு. என்னை அனுப்பிடுங்க" என்றாள்.

மேரி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "உன்னை எதுக்கு அனுப்பணும்? அவர் அழுத்தினது அவர் தப்பு. அபராதம் கட்டியாச்சு, எச்சரிக்கை குடுத்தாச்சு. நீ செய்தது எல்லாம் சரி. இதைவிடச் சரியா நானே செய்திருக்கமாட்டேன். அப்படித்தான் எழுதப் போறேன்" என்றார்.

துர்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்ல மேடம்..."

"உனக்கு வேணாம்னா நீ சொல்லு. 'எனக்கு இந்த வேலை வேணாம்'னு நீ சொன்னா இன்னிக்கே போகலாம். இன்னொருத்தர் பண்ணினதைக் காட்டி நான் உன்னை அனுப்ப முடியாது." மேரி காத்திருந்தார். "சொல்றியா?"

எத்தனை மாதமாக அந்தச் சொல் அவள் தொண்டையில் இருந்தது. இப்போது கேட்க ஆள் இருக்கிறது, தடுக்க யாரும் இல்லை. வாயைத் திறந்தாள். திருப்பத்துப் பேனரும், கண் கலங்கக் கையைப் பிடித்துக்கொண்ட அவனும், அவள் இடத்தில் வேறொருத்தியை ஏற்றிக்கொண்டு ஓடும் கம்பெனி வேனும் மாறி மாறி வந்தன. சொல்லிவிட்டு எங்கே போவது? வாயை மூடிக்கொண்டாள்.

"டீ ஆறுது, குடி" என்றார் மேரி.

அந்த வாரம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாள். குமரகுரு நடந்ததை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தில்லையம்மாள் மருமகளுக்கென்று மீன் வாங்கிச் சமைத்திருந்தாள். "இன்னாடா, அவ வந்தா வாய் ஓயாம ரயிலு ரயிலுன்னு பேசுவியே, இன்னிக்கி கம்முனு இருக்கே?" என்று மகனைக் கேட்டாள். அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

துணி எடுக்க மாடிக்குப் போனபோது அவனும் பின்னால் வந்தான். பாலாற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது. அவள் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு இந்த வேல புடிக்கலங்க" என்றாள், அவனைத் திரும்பிப் பார்க்காமல். "எப்பவுமே புடிக்கல."

"தெரியும்" என்றான்.

அவள் கை நின்றது. "எப்பத்திலிருந்து?"

"செலக்சன் ஆன அன்னிக்கே. ஒன் மூஞ்சியப் பாத்தேன். சந்தோசமே இல்ல."

"அப்ப ஏன் கேக்கல?"

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே தெருவைப் பார்த்தான். "கேட்டா வேணாம்னு சொல்லிடுவ. அதான் கேக்கல." பிறகு, "அந்தக் கதவாண்ட நிக்கும்போது நானே ஓட்டிக்கினு போற மாதிரி இருக்கும் துர்கா. கண்ண மூடிக்கினா அப்படியே இருக்கும்" என்றான்.

"அப்ப உள்ள இருக்கறது யாரு?"

அவளுக்கு ஆத்திரம் பொங்கி வந்தது. அறைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவன் நின்ற நிலை, அன்று மருத்துவமனையில் தண்ணீர் குடித்துக்கொண்டே நின்றதைப் போல் இருந்தது. ஆத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், தோளில் கிடந்த துணிகளை எல்லாம் அவன் கையில் திணித்துவிட்டுக் கீழே இறங்கினாள். நேராகப் படுக்கையறைக்குப் போய்ச் சுவரில் இருந்த அட்டையைப் பிய்த்து எடுத்தாள். மூடிகள் தரையில் உருண்டன. சத்தம் கேட்டு வந்த தில்லையம்மாள் அட்டையைப் புரட்டிப் பார்த்து, "பின்னாடி வெள்ளையாத்தான இருக்குது, அடுப்பங்கரை ஷெல்ப்புக்கு விரிக்க ஆவும்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு அவன் அவள் ஓட்டும் ரயிலில் வரவில்லை. மாலையில் அழைத்தால் சாப்பிட்டாயா என்று கேட்பான். அதோடு பேச்சு நின்றுபோகும். இருவரும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். பாடம் கேட்டுத் தொல்லை செய்த நாட்களைவிட அது கனத்தது. அவனுக்கு எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சில நாள் அவளே, "இன்னிக்கு மழைல தண்டவாளம் வழுக்குச்சு" என்பாள். அந்தப் பக்கம் அவன் மூச்சு வேகமாவது கேட்கும். கேள்வியை அடக்கிக்கொண்டு, "பாத்து" என்பான். சொல்லியிருக்க வேண்டாமே என்று அவளுக்குத் தோன்றும்.

மேலதிகாரியின் சோதனையில் தேறினாள். தனியாக ஓட்டும் நாளைக் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் குமரகுரு அவளைக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். கோயம்பேடு பேருந்தில் சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே வந்து சன்னலுக்கு வெளியே நின்றான்.

"நாளைக்கிப் பக்கத்துல யாரும் இருக்கமாட்டாங்க" என்றாள்.

"பயமா இருக்குதா?"

சாப்பாட்டைத் தவிர, இத்தனை நாளில் அவன் அவளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. "இருக்குது" என்றாள்.

அவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "முடியலேன்னா வந்துடு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன். நெஜமாத்தான் சொல்றேன், வந்துடு துர்கா."

நடத்துநர் விசில் ஊதினார். அவன் கையை எடுத்தான். அன்று தேர்வான நாளில் இந்தச் சொல்லுக்காக அவள் எப்படிக் காத்திருந்தாள்! இப்போது அது வந்தும், மனதுக்குள் எதுவும் திறக்கவில்லை. வந்துவிடலாம். வந்தால் எந்த வேலை, எந்த வேன்? அந்த வீட்டில் அவன் முகத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேருமே ஓட்டாத ரயிலை நினைத்துக்கொண்டிருப்பதா? போகச் சொன்னபோதாவது அவன்மேல் பழி போட முடிந்தது. இனி அதுவும் இல்லை. இனிமேல் நாளை அந்த அறைக்குள் ஏறி உட்கார்ந்தால், ஏறியது அவள்தான்.

பூந்தமல்லி வரும்வரை அவள் பக்கத்தில் இருந்த பெண்ணோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணே, "எங்க மா வேலை?" என்று கேட்டாள்.

"மெட்ரோல" என்றாள் துர்கா. "வண்டி ஓட்டறேன்."

"அய்யோ, அந்தச் சுரங்கத்துக்குள்ளயா? பயமா இல்ல?"

"பயம்தான்" என்றாள். அதற்குமேல் அந்தப் பெண் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனாள், கோயம்பேடு வந்து நடத்துநர் இறங்கச் சொல்லும் வரைக்கும்.

மறுநாள் காலையில் மேரி நடைமேடை வரை வந்தார். உள்ளே ஏறவில்லை. துர்கா அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். கோயம்பேடு தாண்டியதும் இருட்டு எதிரே வந்தது. கைப்பிடியை அழுத்திப் பிடித்தாள். வண்டி இறங்கியது.